அழுகை நின்றால் பழகிவிட்டாள் என்று அர்த்தமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மகளுக்கு இரண்டே கால் வயது. அம்மா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததால் ஒரு மாதமாகக் காப்பகத்தில் விடுகிறார்கள். முதல் பத்து நாள் கதறி அழுதாள், இப்போது அழுவதே இல்லை. "நல்லா பழகிட்டா, ரொம்ப சமத்து, இருக்கிற இடமே தெரியாது" என்று அங்கே இருக்கும் மிஸ் சொல்கிறார். வீட்டிலோ நேர்மாறு: ராத்திரி எழுந்து அழுகிறாள், அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறாள், போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்துவிட்டாள். மாமியார் "பிள்ளை ஏங்கிப் போச்சு, நிறுத்திடும்மா" என்கிறார். கணவர் "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். யார் சொல்வது சரி, காப்பகத்தில் எதைக் கவனிக்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காப்பகத்திலும் அங்கன்வாடியிலும் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் பார்த்தது சரி. அதற்காக உடனே நிறுத்த வேண்டும் என்று இல்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டதை வைத்துப் பழகிவிட்டாள் என்று முடிவு கட்டுவதை எல்லோரும் விட்டுவிட வேண்டும். நீங்கள் காப்பகத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவள் அங்கே விழுந்தால், பயந்தால், தூக்கம் வந்தால் யாரைத் தேடிப் போகிறாள்? அந்த ஆள் தூக்கினால் அடங்குகிறாளா? இதற்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் அவள் பழகியிருக்கிறாள். "அவ யார்கிட்டயும் போறதில்ல, தானா உட்கார்ந்து விளையாடிப்பா" என்று பதில் வந்தால் பழகவில்லை, அடங்கியிருக்கிறாள். இரண்டேகால் வயதுக் குழந்தை நாள் முழுக்க யாரிடமும் எதுவும் கேட்காமல் இருப்பது பாராட்ட வேண்டிய விஷயம் இல்லை, கவலைப்பட வேண்டிய விஷயம்.

இதை உலகத்துக்குப் புரிய வைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தை உளவியலாளர் ஆனா ஃப்ராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அங்கே யார் என்ன வேலை பார்த்தாலும் குழந்தைகளிடம் கண்டதைச் சின்னச் சீட்டில் எழுதித் தர வேண்டும், அப்படித்தான் அவர் குழந்தைகளைக் கவனிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஜான் போல்பி என்கிற மனநல மருத்துவருடன் சேர்ந்து மருத்துவமனை வார்டுகளில் தனியாக விடப்பட்ட சின்னக் குழந்தைகளைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அம்மா அப்பா வந்து பார்ப்பதற்கே கடுமையான கட்டுப்பாடு, "நீங்க வந்துட்டுப் போனா பிள்ளை அழுது, வராம இருந்தா அமைதியா இருக்கு" என்பதுதான் நர்ஸுகள் சொன்ன காரணம். ராபர்ட்சன் அந்த அமைதியை நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை முதலில் கத்தி எதிர்க்கிறது, பிறகு நம்பிக்கை விட்டுப்போய்ச் சோர்ந்து கிடக்கிறது, அப்புறம் யாரோடும் ஒட்டாமல் யார் வந்தாலும் சிரிக்க ஆரம்பிக்கிறது. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் வார்டில் எல்லோரும் "செட்டில் ஆகிவிட்டது" என்று எழுதி வைத்திருந்தார்கள்.

1952ல் லாரா என்கிற, இரண்டரை வயதுகூட ஆகாத ஒரு பெண் குழந்தையை வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக அவள் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். ஆர்ப்பாட்டமே செய்யாத, வயசுக்கு மீறி அடக்கமான குழந்தை அவள், உங்கள் மிஸ் சொல்கிற மாதிரி "சமத்து". முகம் மட்டும் நாளுக்கு நாள் இறுகிப்போகிறது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தன் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள மறுத்துவிட்டாள். டாக்டர்கள் கூடிய கூட்டத்தில் படத்தைப் போட்டபோது பலருக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் 1959ல் அங்கே அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மருத்துவமனையில் எட்டு நாள் கிடப்பதும், பகலில் காப்பகத்தில் இருந்துவிட்டுச் சாயங்காலம் அம்மா மடிக்கு வருவதும் ஒன்றில்லை. உங்கள் மகளுக்குத் தினமும் உங்களிடம் கொட்ட ஒரு சாயங்காலம் இருக்கிறது, அவள் கொட்டவும் செய்கிறாள். அதுதான் நீங்கள் எழுதியிருக்கிற ராத்திரி அழுகையும் குளியலறைக் கதவும். லாராவுக்கு அது இல்லை. அதனால் அவள் உங்களிடம் செய்கிற அடத்தை நான் நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன்: பகல் முழுக்க அடக்கி வைத்ததை, பயமில்லாமல் கொட்ட முடியும் என்று தெரிந்த ஆளிடம் கொட்டுகிறாள்.

காப்பகத்தில் வெளியே தெரியும் அமைதியும் உள்ளே இருப்பதும் வேறு வேறு என்பதை உடம்பிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பெர்லினில் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த, ஒன்றேகால் வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004ல் வெளிவந்தது. உமிழ்நீரில் கார்ட்டிசால் என்கிற அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். அம்மாவும் கூட உட்கார்ந்திருந்த ஆரம்ப நாட்களில், அம்மாவிடம் நம்பிக்கையாக ஒட்டியிருந்த குழந்தைகளுக்கு அந்த அளவு குறைவாக இருந்தது. அம்மா விட்டுப் போக ஆரம்பித்ததும் எல்லோருக்கும் ஏறியது. சில மாதம் கழித்து அழுகை குறைந்த பிறகும் அது வீட்டில் இருந்த அளவுக்கு இறங்கவில்லை.

அதே பெர்லின் பெயரில் ஒரு சேர்க்கை முறையும் இருக்கிறது, ஜெர்மனியில் ஏராளமான காப்பகங்களில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு அறைக்குள்ளேயே ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருப்பார், பிரிவே கிடையாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிற அந்த ஒரு பணியாளர் அவசரப்படாமல், விளையாட்டு வழியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவார். நாலாம் நாள் அம்மா சொல்லிவிட்டு வெளியே போவார், அதிகபட்சம் அரை மணி நேரம். குழந்தை அழுது அந்தப் பணியாளர் தூக்கியதும் ஆறினால் மறுநாள் நேரத்தைக் கூட்டுவார்கள். ஆறவில்லை என்றால் அம்மாவை உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டு அடுத்த வாரம்தான் மறுபடி முயற்சி செய்வார்கள், அப்படிப்பட்ட குழந்தைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அங்கே சேர்க்கை முடிந்தது என்று எப்போது சொல்வார்கள் தெரியுமா? குழந்தை அழாமல் இருக்கும்போது இல்லை, அழும்போது அந்தப் பணியாளரிடம் ஆறும்போது.

நம் ஊரில் முதல் நாளே வாசலில் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு "நீங்க திரும்பிப் பார்க்காம போங்க, ஒரு வாரம் அழும், அப்புறம் சரியாயிடும்" என்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இன்னும் மோசமானது, குழந்தை பொம்மையைப் பார்க்கிற நேரத்தில் நழுவிப் போகச் சொல்வது. தயவுசெய்து இதை ஒருநாளும் செய்யாதீர்கள். அம்மா எந்த நொடியும் காணாமல் போகலாம் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் அது அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்காது. குளியலறைக் கதவைத் தட்டுகிறாளே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சொல்லிவிட்டுப் போனால் அவள் அழுவாள். அழட்டும். அழுதாலும் அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள், சொன்னபடி வந்தாள் என்பது தினமும் நடந்தால் அதைத்தான் அவள் நம்ப ஆரம்பிப்பாள்.

இனி காப்பகத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன், முக்கியமானது இதுதான். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குக் கோபமோ பயமோ வந்தால் அதைத் தானாக அடக்கிக்கொள்ளத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானத்தைக் கடன் வாங்கித்தான் அது அமைதியாகும், பல வருஷம் அப்படி வாங்கி வாங்கித்தான் சொந்தமாகக் கொஞ்சம் சேர்க்கும். கடன் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், தினமும் அதே ஆளாக இருக்க வேண்டும். காப்பகத்தின் சுவரில் என்ன படம் வரைந்திருக்கிறார்கள், ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா, ஏபிசிடி எப்போது ஆரம்பிப்பார்கள் என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஹாம்ப்ஸ்டெட்டில் நடந்ததையே பாருங்கள். முதலில் எல்லாப் பணியாளர்களும் எல்லாக் குழந்தைகளையும் பொதுவாகப் பார்த்துக்கொண்டார்கள், சாப்பாடு, சுத்தம் எதிலும் குறை இல்லை. ஆனாலும் குழந்தைகளுக்குப் பேச்சும், மூத்திரம் வந்தால் சொல்வதும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஆனா ஃப்ராய்டும் அவரோடு சேர்ந்து அதை நடத்திய டோரதி பர்லிங்ஹாமும் குழந்தைகளைச் சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு பணியாளரின் பொறுப்பில் விட்டார்கள். உடனே சத்தம் அதிகமானது! என் ஆளை நீ தொடாதே என்று சண்டை, அந்தப் பணியாளர் லீவு போட்டால் அழுகை, பொறாமை எல்லாம் வந்தன. கூடவே பேச்சும் வந்தது, தள்ளிப் போயிருந்த பழக்கங்களும் வந்தன. காப்பகம் நடத்துகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒட்டுதல் வந்தால் சத்தமும் வரும், சத்தமே இல்லாத அறையில் ஒட்டுதலும் இல்லாமல் இருக்கலாம்.

"எங்க காப்பகத்துல இருபது பிள்ளைங்க, மூணு பேர்தான் இருக்கோம், ஒவ்வொண்ணுக்கும் ஓர் ஆள் எப்படி?" என்று கேட்பார்கள். ஒரு குழந்தைக்கு ஓர் ஆள் வேண்டாம். இன்னின்ன ஏழு பிள்ளைகள் இந்த அக்காவின் பிள்ளைகள் என்று பிரித்துவிட்டால் போதும். காலையில் வாசலில் அந்த ஏழு பேரை வாங்கிக்கொள்வது, சோறு ஊட்டுவது, கால் கழுவி விடுவது, தூங்க வைப்பது, சாயங்காலம் அம்மாவிடம் பேசுவது, இந்த ஐந்தும் அந்த அக்காவின் வேலை. விளையாட்டும் பாட்டும் எல்லோரும் சேர்ந்து செய்யலாம். இதற்குக் கூடுதல் ஆளோ பணமோ வேண்டாம், வேலையைப் பிரிக்கிற விதத்தை மாற்றினால் போதும். பெரும்பாலான இடங்களில் ஒருவர் எல்லோருக்கும் ஊட்டுவார், ஒருவர் எல்லோருக்கும் கழுவி விடுவார், ஒருவர் வாசலில் நிற்பார். நிர்வாகத்துக்கு வசதிதான், ஆனால் அங்கே குழந்தைக்கென்று யாரும் இல்லாமல் போகிறது.

ஊட்டுவதும் கழுவுவதும்தான் உறவு உண்டாகிற நேரம் என்பதை ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் ஒரு முறையாகவே ஆக்கிக் காட்டினார். போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 1946ல் புடாபெஸ்டில் லோசி தெருவில் ஒரு இல்லம் ஆரம்பித்தார். அங்கே பணியாளர்கள் குழந்தையை அவசரமாகத் தூக்கக்கூடாது, பின்பக்கமிருந்து திடீரென்று தொடக்கூடாது, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சட்டை மாட்டும்போது "கையைக் கொடு" என்று சொல்லிவிட்டு, குழந்தை கையை நீட்டும்வரை காத்திருப்பார்கள். குளிப்பாட்டும் அந்தச் சில நிமிஷத்துக்கு அந்தப் பணியாளர் முழுக்க அந்தக் குழந்தைக்குத்தான். காப்பகத்துக்குப் போகும்போது சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். வரிசையாக உட்கார வைத்து, ஒரே தட்டில் பிசைந்து, ஒரே ஸ்பூனில் பேசாமல் கொள்ளாமல் திணித்துக்கொண்டே போகிறார்களா, இல்லை முகத்தைப் பார்த்து "இன்னும் ஒரு வாய் வேணுமா?" என்று கேட்டு, தலையை ஆட்டினால் நிறுத்துகிறார்களா? மூக்கைப் பிடித்து ஊட்டுகிற இடம் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அன்றே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, அழுகிற நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். "அழாதே, ஒண்ணுமில்ல", "அழுதா பூச்சாண்டி வந்துடுவான்", "ஊசி போடச் சொல்லவா?", "ஆம்பளப் பிள்ளை அழலாமா?", "அம்மா வரமாட்டாங்க போ", "ஷேம் ஷேம்". இவை அநேகமாக எல்லாக் காப்பகத்திலும், நம் வீடுகளிலும், பாசமாகத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேருகிற சேதி, உனக்கு இப்படி வருவதே தப்பு, அதைக் காட்டினால் ஆபத்து என்பது. "அம்மா வரமாட்டாங்க" என்பது எல்லாவற்றையும் விடக் கொடுமை, ஏனென்றால் அந்தக் குழந்தை பயந்துகொண்டிருப்பதே அதற்குத்தான்.

அதற்குப் பதில் என்ன சொல்லலாம்? குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, தூக்கவா என்று கையை நீட்டிவிட்டு, மெதுவாக: "பாப்பாவுக்கு அம்மா போனது பிடிக்கல. அழுகையா வருது. அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. நாம சோறு சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு, பால் குடிச்சதும் வந்துடுவாங்க. அதுவரைக்கும் அக்கா இருக்கேன்." அவ்வளவுதான். மணிக்கணக்கு இந்த வயதில் புரியாது, சோறு, தூக்கம், பால் என்கிற வரிசை புரியும். இதைச் சொன்னதும் அழுகை நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது, சில நேரம் கூடும். பரவாயில்லை, தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் போதும். "தூக்கித் தூக்கிப் பழக்கினா இறங்கவே இறங்காது" என்று ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நான் பார்த்தவரைக்கும், தேவைப்படும்போது தூக்கப்பட்ட குழந்தைதான் சீக்கிரம் இறங்கி விளையாடப் போகிறது, இடுப்பிலேயே தொங்குவது எப்போது இறக்கி விடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் குழந்தை.

சோகத்துக்குப் போலவே கோபத்துக்கும். உங்கள் மகள் கடித்தாளே, அந்த வயதில் கடிப்பது சகஜம். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை, சொல்ல நினைப்பது நிறைய இருந்து வாயில் வார்த்தை குறைவாக இருக்கிற காலத்தில், பல் வேலை செய்யும். திருப்பிக் கடித்துக் காட்டு, வாயில் சூடு வைத்துவிடுவேன் என்று மிரட்டு என்றெல்லாம் யோசனை சொல்ல ஆள் வருவார்கள், கேட்காதீர்கள். முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள். அப்புறம் உங்கள் மகளிடம், சிரிக்காமல் கத்தாமல், "கடிச்சா வலிக்கும். கடிக்க விடமாட்டேன். பொம்மை வேணும்னா 'தா'ன்னு கேளு" என்று சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். கோபம் வருவதில் தப்பில்லை, கடிப்பதற்குத்தான் அனுமதி இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த பணியாளர் கிடைத்தால் அந்தக் காப்பகத்தை விடாதீர்கள். கட்டாயப்படுத்தி "சாரி சொல்லு" என்று தலையைப் பிடித்துக் குனிய வைப்பதால் இந்த வயதில் எதுவும் நடப்பதில்லை. கடிபட்ட இடத்தில் தண்ணீர் வைக்க ஒரு துணியை எடுத்துவரச் சொன்னால் அது அவளுக்குப் புரியும்.

சின்னக் குழந்தை முகத்தைப் பார்த்துத்தான் வாழ்கிறது என்பதற்கு அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் என்கிற உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனையைச் சொல்வார்கள். அம்மா குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், பிறகு சில நிமிஷம் மட்டும் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், ஒன்றும் நடக்காமல் போக, திரும்பிக்கொண்டு நொறுங்கிவிடும். போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளையை மடியில் வைத்திருக்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட அந்த முகம்தான். அதே ட்ரோனிக் சொன்ன இன்னொன்றை அம்மாக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: நன்றாக இருக்கிற அம்மா-குழந்தை ஜோடிகளே பாதி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஒத்துப்போகிறார்கள். மீதி நேரம் தவறவிடுவதும் மறுபடி வந்து பிடிப்பதும்தான். தவறவிட்டதைச் சரிசெய்கிற அந்த வேலைதான் குழந்தைக்குத் தைரியம் கொடுக்கிறது. ஆகவே நேற்று கத்திவிட்டேன் என்று உருகிக்கொண்டிருக்காமல், "அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா, வா" என்று கூப்பிட்டு அணைத்துக்கொண்டால் ஆயிற்று.

நம் பாட்டிமார்கள் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டு ஊருவது நரி ஊருவது என்று விரலை ஏற்றிக்கொண்டே போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவார்களே, அதைவிடச் சிறந்த பயிற்சிச் சாதனம் எனக்குத் தெரியாது. முகம் பார்த்து, காத்திருந்து, குழந்தை "இன்னும்" என்று கேட்டதும் மறுபடி ஆரம்பித்து, போதும் என்று கையை இழுத்தால் விடுகிற விளையாட்டு அது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. கதை, பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் வரும். நல்ல பணியாளர் கையில் அது அருமையாக நடக்கும்.

பணியாளர் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். 2013ல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் 20 குழந்தைக்கு ஒருவர் என்று சொல்கிறது. பத்து சின்னக் குழந்தைகளை ஓர் ஆள் நாள் முழுக்கப் பார்ப்பதே எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பல தனியார் காப்பகங்களில் அந்த அளவும் கிடையாது. அங்கன்வாடியில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சத்துமாவு, எடை பார்ப்பது, போஷன் டிராக்கர் செயலியில் பதிவது, வாக்காளர் பட்டியல் வேலை என்று பணியாளரின் பாதி நேரம் போய்விடும். குழந்தைக்குக் கொடுக்க நிதானம் அவரிடமே மிச்சம் இருக்க வேண்டுமல்லவா? காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஆறு வரை உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லாத ஓர் ஆயாவிடம் "பொறுமையா இருங்க" என்று பயிற்சி நடத்துவதில் பிரயோஜனம் இல்லை. அவருக்கு மதியம் அரை மணி ஓய்வும் ஒழுங்கான சம்பளமும் கொடுப்பதுதான் குழந்தைகளின் மனநலத்துக்குக் காப்பக முதலாளி செய்யக்கூடிய முதல் வேலை. பெற்றோராகிய நீங்களும் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், மகள் முன்னால் அவரோடு சிரித்துப் பேசுங்கள். அம்மா நம்புகிற ஆளைத்தான் குழந்தை நம்பும்.

அப்புறம் கேமரா. நிறைய காப்பகங்களில் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அடிக்கிறார்களா என்பது தெரியும், அதுவரைக்கும் நல்லது. அழும்போது ஆற்றுகிறார்களா, அழாமல் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்பது மேலே இருந்து எடுக்கிற படத்தில் தெரியாது. நேரில் போய், சொல்லாமல், ஓரமாக அரை மணி நேரம் உட்காருங்கள். உட்கார விடமாட்டோம் என்று சொல்கிற காப்பகத்தை நான் நம்பமாட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முடிந்தால் இந்த மாதம் சேர்க்கையையே மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள், தாமதம் என்று எதுவும் இல்லை. நீங்களோ கணவரோ இரண்டு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவளுக்கென்று ஒருவரை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு சில நாளைக்கு மதியச் சாப்பாடு வரைக்கும் மட்டும் இருக்கட்டும். மதியத் தூக்கம்தான் அம்மா இல்லாமல் மிகவும் கஷ்டமான நேரம், கண்ணை மூடினால் யார் இருப்பார்கள் என்று தெரியாது. மாமியாரால் அந்த நேரத்துக்குப் போய் அழைத்துவர முடிந்தால் பெரிய உதவி. தூக்கமும் அங்கேதான் என்று ஆனபின் உங்கள் பழைய துப்பட்டாவோ சேலைத் துண்டோ துவைக்காமல் கொடுத்துவிடுங்கள். "இந்த அழுக்குத் துணி எதுக்கு?" என்று காப்பகத்தில் கேட்பார்கள், அவளுக்கு அது உங்கள் வாசனை.

நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொன்றும் விசாரியுங்கள். மகப்பேறு பலன் சட்டத்தில் 2017ல் வந்த திருத்தம் கொண்டுவந்த விதிப்படி அப்படிப்பட்ட நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதே திருத்தத்தில் வந்த 26 வாரச் சம்பள விடுப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, இது அநேகம் பேருக்குத் தெரிவதில்லை.

காலையில் விடும்போது ஒரே மாதிரி விடைபெறுங்கள்: ஒரு முத்தம், ஒரே வாக்கியம், கையசைத்துவிட்டுப் போய்விடுங்கள். வாசலில் நின்று நாலு தடவை திரும்பி வருவதும் நழுவுவதைப் போலவே கெடுதல். சாயங்காலம் அழைத்து வந்ததும் முதல் அரை மணி நேரம் சமையல் வேண்டாம், போன் வேண்டாம், "இன்னிக்கு என்ன பண்ணே, என்ன ரைம்ஸ் சொன்னே" என்ற விசாரணையும் வேண்டாம். தரையில் உட்காருங்கள், மடிக்கு வந்தால் வரட்டும், அழுதால் அழட்டும். ராத்திரி எழுந்தால் அதட்டாமல் தட்டிக்கொடுங்கள். குளிக்கப் போகும்போது "அம்மா குளிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள். இதெல்லாம் செல்லம் கொடுப்பது ஆகாது. அப்பாவும் இதைச் செய்ய வேண்டும், "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்கிற நேரத்தில் அவர் ஒரு நாள் போய் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம்.

உங்களுக்கு உள்ளே அரிக்கிற கேள்வி, வேலைக்குப் போனதே தப்போ என்பது, நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் தெரிகிறது. தப்பில்லை. அமெரிக்காவில் 1991ல் ஆரம்பித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய அரசு ஆய்வு இருக்கிறது. காப்பகத்தில் விட்டதாலேயே அம்மாவோடு உள்ள பிணைப்பு கெட்டுப்போகவில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. வீட்டில் அம்மா குழந்தையின் குறிப்பறிந்து நடக்கிறாரா என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்தது. வீட்டிலும் அது குறைந்து, காப்பகமும் மோசமாக இருந்தால்தான் ஆபத்து கூடியது.

மேலே சொன்னதை எல்லாம் செய்து மூன்று நாலு வாரம் ஆன பிறகும் அவள் அங்கே யாரிடமும் ஒட்டவில்லை, அல்லது காப்பகம் எதற்குமே ஒத்துவரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். புது இடத்தில் சேர்ப்பதற்கு முன்பே லீவுக்குச் சொல்லி வையுங்கள். உடம்பில் காயம், குறிப்பிட்ட ஓர் ஆளைப் பார்த்தால் நடுக்கம், கழுவி விடும்போது அலறல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இது எதிலும் சேராமல், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்து போனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், வீட்டிலும் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தால், அதைக் காப்பகத்தின் தலையில் போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, டிஇஐசி என்று கேட்டால் காட்டுவார்கள், கட்டணம் கிடையாது. பக்கத்து அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டினாலும் அவர்களே அங்கே எழுதி அனுப்புவார்கள்.